பெர்ன்ஹில்லில் நவராத்திரி: சில இளமை நினைவுகள்

(நம் சங்கத்து நீலகிரிக் கிளையின் புரட்டாசித் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நவராத்திரி அணிமையில் வருதலின், அதனைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு கிளைச் செயலாளர் எம்மைப் பணித்தனர். அவ்விழாவின் தத்துவத்தை எடுத்துரைக்கும் புலமை எம்பால் இல்லை. அதற்கு வல்லார் இவ்வவையிலேயே பலர் உளர். ஆதலின், எமது இளமைப் பருவத்தில் இப்பெர்ன்ஹில்லில் யாம் கண்டு களித்த கொலுவைப் பற்றி மட்டுமே பேசப் புகுகின்றோம். பேச்சின் இறுதியில் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு. அதனை இப்பொழுதே வெளியிட்டால் சிலர் எழுந்து போய்விடவும் கூடும் என்று அஞ்சிப் பின்னுக்கு வைத்துள்ளோம்.

வடநூலார் ஆண்டை ஆறு பருவமாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றனைச் சரற்காலம் என்பர். அக்காலத்தில் வருதலின் இதற்குச் சாரதா நவராத்திரி என்று பெயர். மழை ஓய்ந்து வானம் தெளியும் காலம் என்பது அவர் கருத்து. நம் தமிழ் நூலாரோ ஆவணி புரட்டாசியைக் கார் என்றும், ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும் வகுத்தனர். சமவெளியில் வாழ்வோர்க்கு இது மழையின் முன்வாயில். இம்மலையில் இவ்விரண்டும் மெய்யாகின்றன. தென்மேற்குப் பருவமழை அடங்கி, வடகிழக்குப் பருவமழை தொடங்குதற்கு இடைப்பட்ட சில வாரங்களில் உதகையின் வானம் கழுவிவிட்டாற்போல் விளங்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களை இங்குள்ள கடைக்காரர்கள் ‘இரண்டாம் சீசன்’ என்பர். மே மாதத்துக் கூட்டம் இராது. தாவரத் தோட்டத்துப் பூந்தொட்டிகள் மறுமுறை பூத்து நிற்கும்.

ஐரோப்பிய நாடுகளில் இக்காலத்து மரங்கள் இலை சிவந்து உதிரும் என்று பள்ளியில் பாடம் படித்தோம். எம் வீட்டைச் சுற்றி நின்றவை கற்பூரத்தைல மரங்கள். அவை 1843ஆம் ஆண்டு முதல் நீலகிரியில் நடப்பெற்றவை. ஆஸ்திரேலியா தேசத்து மரங்கள். அவை இலையை ஒருங்கே உதிர்ப்பதில்லை. பட்டையை உரித்துப் போடும். நீள நீளமாய்ச் சுருண்டு கிடக்கும் அப்பட்டைகளும், பம்பரம் போன்ற அவற்றின் காய்களுமே எமக்கு இலையுதிர் காலத்தின் அறிகுறி. அவற்றை யாம் பொறுக்கத் தொடங்கினால் கொலு வருகின்றது என்று வீட்டார் அறிவர்.

பெர்ன்ஹில் என்பது இன்று உதகை நகரத்தோடு ஒட்டிய ஒரு பகுதியாகவே வெளியூரார்க்குத் தோன்றும். ஆயினும் இதற்கொரு தனிப் பெருமை உண்டு. மேட்டுப்பாளையத்தினின்றும் குன்னூர் வரையில் 1899இல் ஓடத் தொடங்கிய மலை இரயில், 1908 செப்டம்பரில் பெர்ன்ஹில் வரையில் நீட்டப்பெற்று, அடுத்த அக்டோபரில்தான் உதகையை எட்டிற்று. ஆக, ஒரு மாத காலம் உதகைக்குச் செல்வோர் யாவரும் பெர்ன்ஹில்லில்தான் இறங்கவேண்டியிருந்தது! யுனெஸ்கோ நிறுவனம் 2005இல் இம்மலை இரயிலை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது யாவரும் அறிந்ததே. அந்த ஒரு மாதப் பெருமையை மட்டும் எம் தந்தையார் எவர் வந்தாலும் சொல்லாமல் விடமாட்டார். அவர் இரயில் பாதையைப் பேணும் வேலையில் இருந்தவர்.

இரயிலுக்கு அடுத்தபடி இவ்வூருக்குப் பெயர் தந்தது அரண்மனை. காப்டன் காட்டன் என்பவர் 1844இல் கட்டிய பங்களாவை மைசூர் அரசார் 1873இல் விலைக்கு வாங்கித் தம் கோடை வாசத்திற்குரியதாக்கினர். கோடையில் அங்கே விளக்கும் வண்டியுமாய் இருக்கும். நவராத்திரியிலோ அரச குடும்பத்தார் இங்கே இரார். அவர்க்கு மைசூரில் தசரா. 1610இல் ராஜ உடையார் சீரங்கப்பட்டணத்தில் தொடங்கியது அவ்விழா என்பர். பத்தாம் நாள் யானைமேற் பொன்னம்பாரி செல்லும் என்று கேள்வியுற்று, அந்த யானை ஏன் மலையேறி எம்மூருக்கு வாராது என்று யாம் வருந்தியதுண்டு. அந்தக் குறையை நீக்கியது அரண்மனையில் வேலை பார்த்த ஒரு கன்னடியர் வீடு. அவர்கள் வீட்டுக் கொலுவில் யானை, குதிரை, சிப்பாய், வாத்தியக்காரர் எல்லாம் வரிசையாய் நிற்க, அட்டையில் பொன்தாள் ஒட்டிய அம்பாரியும் இருக்கும். ராஜா ராணிப் பொம்மைகளே அவர்கள் கொலுவில் தலைமை இடம் பெறுவன. அதைக் காண்பதற்காகவே யாம் நாள்தோறும் ஏதேனும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அவ்வீட்டிற்குச் செல்வோம். அவர்கள் கொடுக்கும் சுண்டலில் காரம் மிகுதி, அதையும் பொறுத்துக்கொள்வோம்.

நிற்க. எம் வீட்டுக் கொலுவிற்கு வருவோம். 1950களின் பிற்பகுதி, எமக்கு எட்டு ஒன்பது வயது. வீடு சிறியது. முன்னறையில் அரிசிப் பெட்டி, டிரங்குப் பெட்டி, பலகை, செங்கல் ஆகியவற்றை அடுக்கி, மேலே வெள்ளை வேட்டி விரித்தால் ஏழு படி ஆகிவிடும். படிகள் ஒற்றைப்படையாய் இருத்தல் வேண்டுமென்பது விதி. ஓராண்டு இடம் போதாமல் ஆறு படியோடு நின்றபொழுது, தரையையும் ஒரு படியாகக் கணக்கிட்டுக் கொள்ளலாம் என்று தந்தையார் தீர்ப்பளித்தார். பொம்மைகள் பெரும்பாலும் பண்ணுருட்டி மண் பொம்மைகள். வைக்கோலும் பழந்துணியும் சுற்றி ஓராண்டு உறங்கிய அவற்றை ஒவ்வொன்றாய் எடுக்கும்பொழுது எழும் அந்த வாசனை இன்றும் எம் மூக்கில் நிற்கின்றது. மண், வைக்கோல், பாச்சை உருண்டை, சிறிது ஈரம். இம்மலையில் எப்பெட்டியைத் திறந்தாலும் ஈரம் உண்டல்லவா? சென்ற ஆண்டு பத்து தலை அசைத்த இராவணனுக்கு இவ்வாண்டு ஒன்பதே தலை என்று கண்டால், யார் பொட்டலம் கட்டியது என்று பெரியதொரு விசாரணை நிகழும்.

எல்லாவற்றினும் எமக்கு உயிராயிருந்தது கொலுவின் அடியில் அமையும் பூங்காவே. அதனை அமைப்பவர் எம் அத்தையார், தந்தையாரின் தங்கை. கற்பூரத்தைல மரப் பட்டையால் வீடுகளுக்குக் கூரை வேய்வார். அதன் காய்கள் குடங்களாகும். மரங்களில் படர்ந்த பச்சைப் பாசியைத் தட்டுத் தட்டாய் எடுத்துவந்து மலை செய்வார். பாசிக்கு மட்டும் இவ்வூரில் என்றும் பஞ்சமில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் படுக்கவைத்துக் கரையில் மணல் தூவினால் அது உதகை ஏரி. சல்லிவன் துரை 1820களில் அமைப்பித்த ஏரியை எம் அத்தையார் ஆண்டுதோறும் அரை நாழிகையில் அமைத்துவிடுவார்.

வயல் அமைப்பதே அரிது. சமவெளியில் கேழ்வரகையும் கடுகையும் ஈரமண்ணில் விதைத்தால் மூன்றாம் நாளே பச்சை காணும். இங்கோ குளிரால் விதை உறங்கும். ஆதலால் மகாளய அமாவாசைக்குப் பல நாள் முன்னரே தட்டுகளில் விதைத்து, அடுப்பங்கரையில் வெதுவெதுப்புள்ள இடம் பார்த்து வைப்பார். இரவில் சாக்குப் போர்த்துவார். காலையில் எழுந்தவுடன் சாக்கை நீக்கி முளை வந்ததா என்று பார்ப்பது எம்முடைய வேலை. கொலு வைக்கும் நாளில் வயல் விரற்கடை உயரம் நிற்கும். அந்த வயலுக்கிடையே தகரத்தாற் செய்த ஓர் இரயில். எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னே. விவரமறியாத விருந்தினர் எஞ்சினை எடுத்து முன்னே வைப்பர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பல்சக்கரப் பாதையில் எஞ்சின் பின்னிருந்தே தள்ளும் என்று யாம் பெருமிதத்தோடு திருத்துவோம்.

ஒன்பதாம் நாள் சரசுவதி பூசையும் ஆயுத பூசையும். புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டால் அன்று படிக்கலாகாது. ‘படி’ என்று சொல்வதே பாவமாய்விடும் அந்த ஒரு நாளுக்காகக் கலைமகளிடம் எமக்கிருந்த பக்திக்கு அளவில்லை. கணக்குப் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் அடியில், எடுக்கவொண்ணாத இடத்தில் வைப்போம். தந்தையார் தம் சுத்தியலையும் திருகு சாவியையும் துடைத்துச் சந்தனம் இட்டு வைப்பார். அவற்றோடு கைவிளக்கும் வரும். சிவப்பும் பச்சையுமான கண்ணாடிகள் கொண்ட இரயில் விளக்கு அது. பூசை முடிந்தபின், சிமினி விளக்கைத் தணித்துவிட்டு, அந்தக் கைவிளக்கைப் பூங்காவின்மீது திருப்புவார். பச்சை ஒளியில் வயலும் பாசிமலையும் மழைக்காலமாகும்; திருகினால் யாவும் சிவந்து மாலைப்பொழுதாகும். கண்ணாடி ஏரியில் பட்ட ஒளி மேற்கூரையில் அசையும். பிற்காலத்தில் எத்தனையோ மின்விளக்கு அலங்காரங்களைக் கண்டோம். அந்த வியப்பு மீளவில்லை. அதற்கு விளக்கின் குறை காரணமன்று, எம் வயதே காரணம் என்பதையும் உணர்வோம்.

இனிக் கூற வேண்டியது மரப்பாச்சிகளைப் பற்றி. செம்மரத்திற் கடைந்த ஆணும் பெண்ணுமாகிய அவ்விரண்டும் மணமகளுக்குப் பிறந்தகத்தார் கொடுக்கும் சீர் என்பது தாய்மார் அறிந்ததே. எம் வீட்டுக் கொலுவில் மேற்படியில் கலசத்தின் வலப்புறம் நின்றவை அத்தையாருடையவை. அவர் இருபத்திரண்டாம் வயதில் கணவரை இழந்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு மலையேறி அண்ணன் வீடு வந்தவர். பெட்டிக்குள் இருந்தவை நான்கு புடவைகளும் அம்மரப்பாச்சிகளும். ஒவ்வோர் ஆண்டும் அவற்றுக்குப் புதுச் சேலையும் வேட்டியும் அவரே உடுத்துவார். பாசிமணி கோத்து அணிவிப்பார். பெண் பொம்மைக்கு நெற்றியில் குங்குமம் இடுவார். ஆண்டுக்கொரு புதுச் சேலை எங்கிருந்து வந்தது என்று யாம் எண்ணிப் பார்த்ததேயில்லை. அவருடைய கூறைப்புடவையில் ஆண்டுக்கொரு துண்டாகக் கிழித்தது அது என்று எம் அன்னையார் நெடுநாள் கழித்துச் சொல்லவே அறிந்தோம்.

மாலை ஐந்து மணிக்கு மேல், மூடுபனி இறங்குமுன், அக்கம்பக்கத்துத் தாய்மார் வரத் தொடங்குவர். பாட்டு நிகழும். பின்னர் அன்னையார் ஒவ்வொருவர்க்கும் மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, தேங்காய், பூ வைத்துத் தாம்பூலம் கொடுப்பார். சுண்டற் கிண்ணங்களை ஏந்தி உள்ளுக்கும் வெளிக்கும் ஓடுவது எம் பணி. அத்தையார் அப்பொழுது அடுக்களையில் இருப்பார். முன்னறைக்கும் அடுக்களைக்கும் இடையே கதவு கிடையாது. ஒரு பழைய போர்வைதான் தொங்கும். யார் என்ன பாடினார், பூங்காவை யார் புகழ்ந்தார் என்பதெல்லாம் அவர் செவியில் விழும். அவர் மட்டும் வெளியே வாரார். வருக என்று எவரும் அழைத்ததுமில்லை. அன்னையார் கொடுமைக்காரர் அல்லர். தம் பங்குப் பழத்தையும் அத்தையார்க்கே கொடுப்பவர். அவர்க்கு அவர் தாயார் காட்டிய வழி அது.

ஒருநாள் வெள்ளிக்கிழமை. வீடு நிறையக் கூட்டம். எம் தங்கைக்கு அப்பொழுது ஐந்து வயது. அடுக்களையில் அத்தையாரின் மடியில் ஏறி அமர்ந்துகொண்டு, “அத்தை, உங்க பொம்மை பொட்டு வச்சிருக்கே, நீங்க ஏன் வச்சுக்கல?” என்று கேட்டாள். யாம் கிண்ணத்தோடு அங்கே நின்றோம். அத்தையார், “சுண்டல் ஆறிப்போகுது, கொண்டு போய்க் கொடு கண்ணு” என்றார். அவ்வளவே. யாம் கொண்டு போய்க் கொடுத்தோம். அவ்வினாவைப் பின்பு எவரும் கேட்கவில்லை, யாமும் கேட்கவில்லை. வளர்ந்து உத்தியோகத்திற்குச் சென்று, எமக்கெனக் குடும்பம் ஏற்பட்டு, எம் இல்லத்துக் கொலுவிற்கு அவர் பூங்கா அமைத்துக் கொடுத்த காலத்தும், தாம்பூலம் கொடுக்கும் நேரத்தில் அவர் உள்ளே சென்றார், யாம் பார்த்துக்கொண்டிருந்தோம். குழந்தைப் பருவத்தில் அறியாமை. பிற்பட்டதற்கு அப்பெயர் பொருந்தாது.

இப்பொழுது விண்ணப்பத்திற்கு வந்துவிட்டோம் என்பதை அறிஞராகிய நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். சங்கத்தின் சார்பில் இம்மண்டபத்தில் வைக்கும் கொலுவில் கைம்பெண்களாகிய தாய்மார்க்கும் மற்றையோர்க்கு ஒப்பவே மஞ்சள் குங்குமத்தோடு தாம்பூலம் வழங்க வேண்டும் என்பதே அது.

முன்னோர் வழக்கத்தை மாற்றலாமோ என்று சிலர் வினவுவர். வழக்கத்தின் பெருமையை யாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கொலுவில் எவ்வழக்கம் மாறாமல் நின்றது என்பதைக் காட்டுக. அரிசிப் பெட்டிப் படி போய், மடக்கி வைக்கும் இரும்புப் படி வந்தது. களிமண் போய்க் காகிதக்கூழும் சாந்தும் வந்தன. சென்ற ஆண்டு இம்மண்டபத்திலேயே நான்காம் படியில் கிரிக்கெட்டு ஆடுவோர் பதினொருவரும் மட்டையோடு நின்றனர், ஒருவரும் மறுக்கவில்லை, சிறுவர்க்கு மகிழ்ச்சி என்றனர். நன்று. மட்டைபிடித்த பொம்மைக்கு இடமுள்ள கொலுவில் நம்மைப் பெற்றெடுத்த தாய்க்கு இடமில்லையெனின், அதனை என்னென்பது?

மேலும் அதே படிகளில் ஔவையார் பொம்மை இருக்கின்றது. கோலூன்றிய தனித்த முதியோள். கணவன் பக்கத்தில் இல்லை. அப்பொம்மைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கும்பிடுகின்றோம். மண்ணாற் செய்த ஔவைக்கு இட்ட குங்குமம் உயிருள்ள ஔவைமார்க்கு ஏன் மறுக்கப்படுகின்றது? பொட்டும் பூவும் பெண் குழந்தை தொட்டிலிற் கிடக்கும் நாள் தொட்டு இடப்படுவன. கணவன் கொடுத்தது தாலி ஒன்றே. அவன் கொடாததை அவன் சாவு எங்ஙனம் எடுத்துச் செல்லும்?

பெர்ன்ஹில் அரண்மனைக்குரிய குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் சாமராஜேந்திர உடையார் 1894 டிசம்பரில் கல்கத்தாவில் காலமானபொழுது, அவருடைய மகனார் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் பத்து வயதுச் சிறுவர். அச்சிறுவரின் தாயாராகிய கெம்பநஞ்சம்மணி அம்மையார், வாணிவிலாச சந்நிதானம் என்ற பட்டப்பெயரோடு, 1902 வரையில் மகனுக்காக நாட்டை ஆண்டார். 1897இல் பழைய மைசூர் அரண்மனை எரிந்தபின் புதிய அரண்மனை எழத் தொடங்கியதும், 1902இல் சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் கோலார்த் தங்கவயலை எட்டியதும் அவர் ஆட்சியிலேயாம். தசராவும் அவ்வாண்டுகளில் நின்றுபோகவில்லை. ஒரு கைம்பெண்ணின் ஆணையின்கீழ் ஒரு நாடே நவராத்திரி கொண்டாடிற்று.

நம் தமிழ்நாட்டிலும், இளமையிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் (1886–1969), 1911இல் பி.ஏ. பட்டம் பெற்று, 1912 முதல் சென்னையில் தம்மைப் போன்ற இளம் பெண்களைச் சேர்த்து வளர்த்துக் கல்வி கொடுத்தார். அவ்வில்லத்திற்குச் சாரதையின் பெயரே இடப்பெற்றது. அது நடந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. நம் கொலு மண்டபத்துப் போர்வை மட்டும் இன்னும் தொங்குகின்றது.

ஒரு நண்பர், “தாய்மாரே வேண்டாமென்று ஒதுங்கினால் என் செய்வது?” என்று முன்னரே எம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. எவரையும் வற்புறுத்தல் கூடாது. ஐம்பது ஆண்டு அடுக்களையில் இருந்தவரை ஒரே மாலையில் முன்வரிசைக்கு இழுத்துக் கூச்சத்திற்கு உள்ளாக்குவது அன்பன்று. தட்டு அவர் முன் வரட்டும். எடுப்பதும் எடாததும் அவர் விருப்பம். இதுவரையில் அத்தட்டு அவர்களை விலகிச் சென்றது. அந்த விலகல்தான் இம்மண்டபத்தில் நிகழலாகாது என்கின்றோம்.

அச்சிடுதற்கு இருக்கும் அழைப்பிதழில் ‘சுமங்கலிகள் வந்து தாம்பூலம் பெற்றுக்கொள்க’ என்ற வரி இருக்கின்றது. அதனைத் ‘தாய்மார் அனைவரும்’ என்று திருத்துமாறு செயலாளரைக் கேட்டுள்ளோம். செயற்குழுவின் கருத்தைக் கேட்டுச் சொல்வதாக அவர் கூறினார். செயற்குழுவினர் எழுவரும் இங்கே அமர்ந்திருக்கின்றனர். அச்சகத்தார் வியாழக்கிழமை வரையில் காத்திருப்பர்.

எம் அத்தையார் இப்பொழுது இல்லை. அவருடைய மரப்பாச்சிகள் எம்மிடம் உள்ளன. இவ்வாண்டு சங்கக் கொலுவிற்கு அவற்றைக் கொணர்வோம். பொம்மை கொணரும் மற்றையோர் தத்தம் பெயரை அடியில் எழுதி ஒட்டிக் கொடுத்தல் நலம். சென்ற ஆண்டு இரண்டு கிருஷ்ணர்கள் வீடு மாறிச் சென்றுவிட்டனர். பூங்கா அமைக்கும் பொறுப்பைச் சிறுவர் சிறுமியரிடம் விடலாம்; பட்டையும் பாசியும் பொறுக்க யாமும் உடன் வருவோம். கேழ்வரகை மட்டும் இப்பொழுதே விதைத்து, எவரேனும் ஒரு தாயார் தம் அடுப்பங்கரையில் வைத்துச் சாக்குப் போர்த்தி வைக்க வேண்டும். அமாவாசைக்குப் பின் விதைத்தால் இக்குளிரில் முளைக்காது.